ஆபீஸ் பார்வைகள் நீங்கலாக

ஜூன் 2, திங்கள்

பாத்திரக்கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி ஆறு மாதமாக என் மேஜை டிராயரில் சும்மா கிடந்தது. இன்று நிஷா அதை எடுத்து என் முன்னால் போட்டாள். "அக்கா, எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சுப் பொருமிக்கிட்டு இருக்கீங்க. இதுலயாவது கொட்டித் தீருங்க" என்றாள். நிஷா எங்கள் ஆபீஸ் டிசைனர், மேலப்பாளையத்துப் பெண். வயது இருபத்து நாலு, வாய் மட்டும் நாற்பது. சரி, எழுதுகிறேன். ஆனால் டைரி இந்த டிராயரைவிட்டு நகராது. வீட்டில் எழுதத் தோதுப்படாது.

இன்றைய கோபம் கில்பர்ட் சார் மேல். அவர்தான் முதலாளி. வண்ணார்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். ஊரில் உள்ள கடைகளுக்கெல்லாம் பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பதிவு போட்டு, அவர்களுடைய வெப்சைட்டுக்கு ஆள் இழுத்துக்கொடுக்கிறோம். யார் லைக் போட்டார்கள், யார் கமெண்ட் போட்டார்கள், யார் லிங்க்கைத் தட்டி உள்ளே போனார்கள், போனவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று அளந்து ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. எங்கேஜ்மென்ட் என்று பெயர். கில்பர்ட் சார் பாஷையில், "தொட்டாங்களா, இல்லியா?"

இந்த மாதம் புது கிளையன்ட். 'வெளிவாசல்' என்று ஒரு வெப்சைட். வீட்டில் அடிவாங்கும் பெண்களுக்கு வக்கீல், கவுன்சலிங், போய்த் தங்க ஒரு இடம் என்று எல்லா விவரமும் அதில் உண்டு. பாளையங்கோட்டையில் கனகவல்லி மேடம் நடத்துகிறார். குடும்ப நீதிமன்றத்தில் வக்கீலாக இருந்தவர். பணம் தருவது சென்னைக் கம்பெனி ஒன்று. அங்கிருந்து பிரசன்னா என்பவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜூன் கடைசிக்குள் நல்ல எங்கேஜ்மென்ட் காட்டாவிட்டால் ஜூலையிலிருந்து பணம் கிடையாது. பணம் நின்றால் வெப்சைட்டும் போச்சு, அவசர போன் லைனும் போச்சு, அந்தத் தங்குமிடமும் போச்சு.

வெப்சைட்டின் மேல் மூலையில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. 'சட்டென மூடு' என்று எழுதியிருக்கும். யாராவது வந்துவிட்டால் தட்ட வேண்டியது. தட்டினால் பக்கம் மறைந்து பருப்புப்பொடி செய்முறை வந்து நிற்கும். கனகவல்லி மேடம் அதைக் காட்டிவிட்டு, "யாரையும் லைக் போடச் சொல்லாதீங்கப்பா. அது அந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்து" என்றார். கில்பர்ட் சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். மேடம் போன மறு நிமிடம், "எல்லாரும் போணி பண்ணிருங்க" என்கிறார்.

போணி என்றால் எங்கள் ஆபீஸ் வழக்கம். எந்தக் கடைக்குப் பதிவு போட்டாலும் நாங்களும் எங்கள் வீட்டு ஆட்களும் உடனே லைக் போட வேண்டும். நிஷாவின் வாப்பாவிலிருந்து கில்பர்ட் சாரின் மாமியார் வரை எல்லாரும் போடுவார்கள். நான் லிங்க் அனுப்பினால் என் வீட்டுக்காரரும் தவறாமல் போடுவார். அவர் பிளஸ் டூ பிசிக்ஸ் வாத்தியார், பெயர் ஆறுமுகநயினார். ஊரே அவரை சார் என்றுதான் கூப்பிடும்.

ஜூன் 3, செவ்வாய்

முதல் பதிவு போட்டோம். 'அடி வாங்குவது உங்கள் தலையெழுத்து அல்ல.' நிஷா நன்றாகச் செய்திருந்தாள். போணியைத் தவிர ஒரு லைக் இல்லை.

நான் போணி பண்ண மறந்துவிட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில், 'தங்குமிடம்' பக்கத்தின் லிங்க் சரியாக வேலை செய்கிறதா என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். திறக்கிறது.

ஜூன் 4, புதன்

இன்றும் பார்த்தேன். திறக்கிறது.

ஜூன் 6, வெள்ளி

பிரசன்னாவோடு வீடியோ கால். முப்பது வயதுகூட இருக்காது. பின்னால் புத்தக அலமாரி மாதிரி ஒரு படம் ஒட்டி வைத்திருக்கிறார். அவருக்கு எங்கள் கணக்கு பிடிக்கவில்லை. "ஆளுங்க உள்ள வராங்க, உடனே வெளிய போயிடறாங்க. கன்டென்ட் போரிங்கா இருக்கு. சைட்லயே அதிகமா க்ளிக் ஆகறது என்னன்னு பாருங்க, அந்த எக்ஸிட் பட்டன்! அதைத் தூக்கிட்டா ஆளு நிப்பாங்கல்ல?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஸ்கிரீனை உடைத்திருப்பேன். அது போரடித்துத் தட்டுகிற பொத்தானா? பைக் தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் தெரிந்துவிடும். அதன் பிறகு அவன் ஸ்டாண்டு போட வேண்டும், பெட்டியிலிருந்து டிபன் பையை எடுக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். கதவுக்கு வருவதற்குள் பக்கத்தை மூடி, போனைப் பழைய இடத்தில் பழைய பக்கமாகவே கவிழ்த்து வைத்து, சமையற்கட்டில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட வேண்டும். இவ்வளவுக்கும் நேரம் போதும், பொத்தான் ஒரே தட்டில் வேலை செய்தால். இதை நான் அப்படியே சொன்னேன்.

"ரொம்ப டீட்டெய்லா சொல்றீங்க மேடம். ரிசர்ச் பண்ணீங்களா?" என்றார் பிரசன்னா.

ஆமாம் என்றேன்.

பொத்தான் தப்பித்தது. தங்குமிடம் பக்கமும் நன்றாகத் திறக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று மணிக்கு ஆபீஸ் லேண்ட்லைன் அடித்தது. எடுக்காமலே கில்பர்ட் சார், "வடிவு, சார் லைன்ல" என்றார். வீட்டுக்காரர் தினமும் மூன்று மணிக்குக் கூப்பிடுவார். செல்போனில் கூப்பிட்டால் நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று தெரியாதாம். "கல்யாணம் ஆகிப் பத்து வருசத்துக்கு மேல ஆவுது. இன்னும் எம்புட்டுப் பாசமா இருக்காரு பாருங்க. குடுத்து வச்சவங்க வடிவு" என்று கில்பர்ட் சார் நிஷாவிடம் வேறு சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பிடித்து ஸ்டேப்லர் அடிக்கலாம் போல இருந்தது.

என் போனின் பாஸ்வேர்டு அவருடைய பிறந்தநாள். எனக்கு ஞாபகமறதி என்பதால் அவரே வைத்துக்கொடுத்தது.

மகள் கோமுவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது, நான்காம் வகுப்பு. புத்தகத்துக்கெல்லாம் அட்டை போட வேண்டும், லேபிள் வாங்க வேண்டும். நேற்று டிவியில் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தவள், தெருமுனையில் பைக் சத்தம் கேட்டதும் ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டு, கணக்குப் புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டாள். அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கிரைண்டர் கல்லைத் தூக்கும்போது பிசகிவிட்டது. டைப் அடிக்கச் சிரமமாக இருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

கில்பர்ட் சார் இன்று பிடித்துக்கொண்டார். "வடிவு, எல்லாத்துக்கும் போணி பண்ணுதீங்க. வெளிவாசலுக்கு மட்டும் ஒருநாள்கூடப் பண்ணல. என்ன, கிளையன்ட்டுல ஓரவஞ்சனையா?"

மறந்துபோச்சு சார் என்றேன்.

"பத்து நாளாவா மறந்துபோச்சு? சரி, சவத்த விடுங்க. நான் சார்ட்டயே போன் போட்டுச் சொல்லிட்டேன். 'சார், உங்க வீட்டம்மா போட மாட்டேங்காங்க, நீங்களாவது போணி பண்ணி வைங்க'ன்னேன். அதுக்கென்ன, இப்பவே பாக்கேன்னாரு. தங்கமான மனுசன்."

நான் கேட்டேன்: "எப்ப சொன்னீங்க?"

"இப்பத்தான், அரைமணி நேரம் இருக்கும்."

நிஷா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை. இன்று சீக்கிரம் கிளம்ப வேண்டும். அவருக்கு முன்னால் வீட்டில் இருக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

வெள்ளிக்கிழமையிலிருந்து வரவில்லை. காய்ச்சல்.

நிஷா பக்கத்தில் வந்து மெதுவாக, "காய்ச்சல் கண்ணுக்குக் கீழ நீலமாவாக்கா வரும்?" என்றாள். உன் ஜோலியைப் பாருடி என்று சொல்லிவிட்டேன். போனவள் தன் பவுடர் டப்பாவை என் டிராயரில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அவளைத் திட்டியிருக்க வேண்டாம்.

கில்பர்ட் சார் வந்ததும் வராததுமாகத் தன் போனைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாத்தீங்களா, சார் லைக் மட்டுமா போட்டுருக்காரு? கமெண்டும் போட்டுருக்காரு." முதல் பதிவு. 'அடி வாங்குவது உங்கள் தலையெழுத்து அல்ல.' அதன் கீழே ஆறுமுகநயினார் எழுதியிருக்கிறார்: 'பெண்கள் விழிப்புணர்வு பெற வேண்டிய காலம் இது. அருமையான முயற்சி. வாழ்த்துகள்.' அதற்குக் கீழே அவருடைய மாணவர்கள் வரிசையாக வந்து 'சூப்பர் சார்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பதிவுக்கு வெளியிலிருந்து வந்த தொடுகை மொத்தமும் அவரால் வந்ததுதான். ரிப்போர்ட்டில் அதைத்தான் நான் காட்ட வேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அவர் என் போனை எடுத்துவைத்துக்கொண்டு நிதானமாகத்தான் கேட்டார். "பாத்திரக்கடைக்குப் போடுத. பல் ஆஸ்பத்திரிக்குப் போடுத. எல்லாத்துக்கும் போடுதல்லா. இதுக்கு மட்டும் ஏன்ட்டி போடல? இதுல உனக்கு என்ன இருக்கு?" வாத்தியார் அல்லவா, எழுதாமல் விட்ட கேள்விதான் முதலில் கண்ணில் படும். போட்டால் ஏன் போட்டாய் என்று கேட்பார் என்று பயந்துதான் நான் போடாமல் இருந்தேன். போடாததற்கும் கேள்வி உண்டு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகுதான் காய்ச்சல். என்னைக் கேட்டு முடித்த பிறகு உட்கார்ந்து அந்தக் கமெண்டை எழுதினார். 'வாழ்த்துக்கள்' சரியா, 'வாழ்த்துகள்' சரியா என்று என்னிடமே கேட்டார். நான் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

நான் இல்லாத நேரத்தில் இந்த ஆபீஸ் பண்ணி வைத்திருக்கிற காரியத்தை இன்றுதான் முழுதாகப் பார்த்தேன். நேற்றைக்குக் கண்ணைத் திறந்து ஸ்கிரீனைப் பார்க்கவே முடியவில்லை.

திங்கட்கிழமை ஒரு போட்டி அறிவித்திருக்கிறார்கள். 'உதவி தேவைப்படும் உங்கள் தோழியை இங்கே டேக் செய்யுங்கள். அதிகம் பேரை டேக் செய்பவருக்கு ஒரு குக்கர் பரிசு.' குக்கர் பாத்திரக்கடை உபயம். நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் ஆடித் தள்ளுபடிக்குச் செய்கிற அதே போட்டி. படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அடிவாங்குகிறவளின் பெயரைச் சந்தியில் எழுதிப்போட்டால் குக்கர் தருவார்களாம். நிஷா முடியாது என்று சொல்லியிருக்கிறாள். கில்பர்ட் சார் தானே உட்கார்ந்து செய்து, தானே போட்டிருக்கிறார்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் சுபலெட்சுமி என்று ஒரு பெண். அவளுடைய பள்ளிக்கூடத் தோழி அவள் பெயரைப் போட்டு, 'உனக்குத்தான்டி இது, தைரியமா இவங்ககிட்ட பேசு' என்று எழுதியிருக்கிறாள். பாவி மகள் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பாள். அரைமணி நேரத்தில் சுபலெட்சுமியின் புருஷன் வந்துவிட்டான். 'இவள் என் மனைவி. எங்கள் வீட்டில் என்ன குறை என்று உனக்கு யார் சொன்னது?' பிறகு அவன் அண்ணன். பிறகு ஒரு சித்தப்பா. பிறகு சம்பந்தமே இல்லாத ஆண்கள், சிரிக்கிற பொம்மை போடுகிறவர்கள், குடும்பம் கெட்டுப்போவதே இப்படிப்பட்ட ஆட்களால்தான் என்கிறவர்கள். கமெண்ட் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. எங்கள் ஆபீஸ் வரலாற்றில் இப்படி ஒரு பதிவு இல்லை. கில்பர்ட் சார் எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தார். "தொட்டாங்களா, இல்லியா?"

கடைசியில் சுபலெட்சுமியே ஒரு கமெண்ட் போட்டிருந்தாள். 'எனக்கு எந்தப் பிரச்சினையும் இல்லை. என் கணவர் என்னை நன்றாக வைத்திருக்கிறார். என் தோழி சொன்னது பொய். இதற்காக என் கணவரிடமும் அவர் குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.'

இதை அவள் எழுதவில்லை. பக்கத்தில் ஒருவன் நின்று சொல்லச் சொல்ல டைப் செய்திருக்கிறாள். எனக்குத் தெரியும். போன வருஷம் என் தம்பிக்கு நான் அனுப்பிய மெசேஜும் இதே நடையில்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவன் போன் பண்ணவில்லை.

பிரியாணிப் பொட்டலத்தைத் தள்ளி வைத்துவிட்டு அந்தப் பதிவை அழித்தேன். சும்மா மறைக்கவில்லை, அடியோடு அழித்தேன். பிறகு கனகவல்லி மேடத்துக்குப் போன் போட்டு, சுபலெட்சுமியின் பெயரையும் ஊரையும் சொன்னேன். மேடம் ஊரை இன்னொரு முறை கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, "நான் பாத்துக்கிடுதேன். நீங்க போனை வைங்க" என்றார்.

ஜூன் 19, வியாழன்

கில்பர்ட் சார் ருத்ரதாண்டவம். "யாரைக் கேட்டு அழிச்சீங்க? கிளையன்ட் பணம் போகப்போவுது, அந்தத் தங்குமிடத்தை இழுத்து மூடப்போறாங்க. அதுல இருக்கிற பொம்பளைங்கள நீங்களா கூட்டிட்டுப் போய் வச்சுக்கிடுவீங்க?"

அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆனால் குக்கரை யாரிடம் கொடுப்பீர்கள் சார் என்று கேட்டேன். பிரியாணியை யாரும் தொடாமல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. நான்தான் எடுத்துப் போட்டேன்.

ஜூன் 21, சனி

கனகவல்லி மேடம் போன் செய்தார். சுபலெட்சுமியை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். மகளிர் குழு லோன் விசாரிக்க வந்ததுபோல ஒரு பெண் வீட்டுக்குள் போயிருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் ஒடிந்திருக்கிறது. எந்தக் கையால் போனைத் தொட்டாய் என்று கேட்டு ஒடித்தானாம். ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு, நேற்று பிள்ளையோடு தங்குமிடத்துக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள்.

"ரொம்ப அழுதாளா மேடம்?" என்று கேட்டேன்.

"அழலம்மா. கோவந்தான். 'நாலு மாசமா உங்க சைட்டைப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு லைக் போடல, ஒரு கமெண்ட் போடல. பிள்ளைக்குக் காலாண்டு லீவு விட்டதும் வரலாம்னு எல்லாம் பாத்து வச்சிருந்தேன். பத்திரமாத்தானே பாத்துக்கிட்டு இருந்தேன், என்னை ஏன் மேடம் இழுத்துவிட்டீங்க'ன்னு கேட்டா. நான் என்ன பதில் சொல்ல?"

போனை வைத்துவிட்டு பாத்ரூமில் போய் நின்றேன். சுபலெட்சுமி மேல் அநியாயமாக எனக்கும் கோபம் வந்தது. எல்லாம் பார்த்து வைத்திருந்தவள் அப்போதே கிளம்பியிருக்க வேண்டியதுதானே, லீவு விடட்டும் என்று என்ன காத்துக்கொண்டு கிடந்தாய் என்று. பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். நிஷாவின் பவுடர் என் நிறத்துக்குச் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 23, திங்கள்

இன்று தங்குமிடம் பக்கத்தைத் திறக்கவில்லை.

கிரைண்டர் கல் விஷயம். நான் எந்தக் கல்லையும் தூக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

திறந்து பார்த்தேன். 'பிள்ளைகளையும் அழைத்துவரலாம். ஆதார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. துணி இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை.' முன்பும் படித்ததுதான். இன்று மெதுவாகப் படித்தேன்.

ஜூன் 28, சனி

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு கட்டமாக நிரப்ப நிரப்ப ரத்தம் கொதிக்கிறது. சுபலெட்சுமியை மிரட்டிய ஆட்களுக்கு இந்தக் கணக்கில் பெயர் எங்கேஜ்மென்ட். நாலு மாதம் சத்தமில்லாமல் படித்த சுபலெட்சுமிக்குப் பெயர் கிடையாது. வந்தாள், போனாள், 'ஆர்வமற்ற பார்வையாளர்'. ஊரை ஏமாற்றக் கமெண்ட் போட்ட வாத்தியாருக்கு ஒரு லைக், ஒரு கமெண்ட், அதற்குக் கீழே இருபது 'சூப்பர் சார்'. எல்லாம் நல்ல கணக்கு. இந்த அளவுகோலைக் கண்டுபிடித்தவன் எவனோ, ஒருநாளும் பைக் சத்தத்துக்குக் காது கொடுத்திருக்க மாட்டான்.

நான் வேறு மாதிரி எழுதினேன். லைக் கட்டத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். முதல் பக்கத்தில் சிவப்புப் பொத்தானை வைத்தேன். ஒருமுறை அதைத் தட்டிவிட்டு ஓடினவர்கள் மறுநாள் அதே நேரத்தில் திரும்பி வந்தார்களா என்று பார்த்தேன். வந்திருக்கிறார்கள். பெரும்பாலும் பகலில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில். விட்ட இடத்திலிருந்து படித்திருக்கிறார்கள். இவர்கள்தான் வாசகர்கள், இவர்களை எண்ணுங்கள் என்று எழுதினேன்.

நிஷா படித்துவிட்டு, "அக்கா, இதுல நீங்களும் இருக்கீங்கதானே" என்றாள். இந்த முறை அவளைத் திட்டவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கில்பர்ட் சார் காரை எடுக்கக் கீழே போயிருக்கிறார், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்கு வீடியோ கால். ஸ்கிரீனில் பிரசன்னாவும் கனகவல்லி மேடமும். இங்கே நான், நிஷா, கில்பர்ட் சார். பிரசன்னாவுக்கு என் ரிப்போர்ட் பிடித்திருந்தது. "திரும்பித் திரும்பி வராங்கன்னா அது ஸ்ட்ராங்கான நம்பர்தான் மேடம். மேலிடத்துல பேசலாம். அந்த தங்குமிடம் பேஜுக்குத்தான் ரிட்டர்ன் ஜாஸ்தி."

கில்பர்ட் சாருக்குத் தன் பங்குக்கு நேர்மையைக் காட்ட ஆசை வந்துவிட்டது. "ஒரே ஒரு திருத்தம் சார். அந்தப் பக்கத்துக்குப் போனதுல நம்ம ஆபீஸ் இணைப்புல இருந்து போனதும் சேந்துருக்கு. தினமும் சாப்பாட்டு நேரத்துல யாரோ டெஸ்ட் பண்ணிப் பாத்துருக்காங்க. வடிவு, அதைக் கழிச்சிருங்க."

"ஆமா, இன்டர்னல் எல்லாம் எடுத்துடுங்க. லைக்ஸ் அப்படியே இருக்கட்டும்" என்றார் பிரசன்னா.

தலைப்பு வரியில் 'ஆபீஸ் பார்வைகள் நீங்கலாக' என்று சேர்த்தால் போதும். வழக்கமாக நான்தான் சேர்ப்பேன். மவுசில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

"கழிக்க மாட்டேன் சார்" என்றேன்.

"ஏன், என்ன?"

"அது டெஸ்டிங் இல்ல. அது நான். எனக்காகத்தான் பாத்தேன்."

நிஷா என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். என்னால் நிறுத்த முடியவில்லை. "ஏதாவது ஒண்ணைக் கழிச்சே ஆகணும்னா, முதல் போஸ்டுல ஆறுமுகநயினார்னு ஒரு லைக் இருக்கு. அதைக் கழிங்க. அந்த ஆளு கைக்குப் பயந்துதான் நான் இந்தப் பக்கத்தைத் தொறந்ததே."

பிரசன்னா ஸ்கிரீனுக்கு அருகில் வந்து, "ஹலோ, ஆடியோ கட் ஆயிடுச்சா?" என்றார்.

"கட்டாகல. எல்லாம் நல்லாக் கேக்குது" என்றார் கனகவல்லி மேடம். "வடிவு, இன்னைக்கு வாரீங்களா?"

"பிள்ளை ஸ்கூல்ல இருக்கா மேடம்."

"போய்க் கூட்டிட்டு நேரே வாங்க. வீட்டுக்குப் போகாண்டாம். துணி, சர்டிபிகேட்டு எல்லாம் அப்புறம் போலீஸோட போய் எடுத்துக்கிடலாம்."

கில்பர்ட் சார் முகத்தைத் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். "நான்தாம்மா அவருக்குப் போன் போட்டது" என்றார். அதுவரை என்னை அவர் அம்மா என்று சொன்னதில்லை. "அந்த வியாழக்கிழமை… அதுக்கப்புறந்தானே நீங்க லீவு…"

ஆமா சார் என்றேன்.

காரை நான் எடுக்கேன் என்று கீழே ஓடினார். அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை, இப்போதைக்கு அந்த உத்தேசமும் இல்லை. ஆனால் கார் வேண்டும். மூன்று மணிக்கு லேண்ட்லைன் அடிப்பதற்குள் கோமுவோடு நான் பாளையங்கோட்டையில் இருக்க வேண்டும். அடித்தால் நிஷா எடுப்பாளாம். என்ன சொல்வாய் என்று கேட்டேன். "ராங் நம்பர்னு சொல்லுவேன்" என்றாள்.

டைரியைப் பைக்குள் வைக்கிறேன்.

ஜூலை 4, வெள்ளி

தங்குமிடத்தில் நான்காவது நாள். வெப்சைட்டில் போட்ட படத்தைவிட அறை சின்னது. மின்விசிறி சத்தம் போடுகிறது. காலையில் உப்புமா. நான்தான் கிண்டினேன், உப்பு கூடிவிட்டது. யாரும் தட்டைத் தள்ளவில்லை. சுபலெட்சுமிக்கு இடது கையால் சாப்பிட வரவில்லை, ஸ்பூன் கொடுத்தேன். உன் பெயரைப் போட்ட பதிவு எங்கள் ஆபீஸ் போட்டதுதான் என்று சொல்லிவிட்டேன். என்னை நன்றாகத் திட்டினாள். திட்டி முடித்துவிட்டு, உப்புமாவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்திருக்கலாம் என்றாள்.

அவன் தினமும் ஆபீஸுக்கு வந்து மாடிப்படியில் நிற்கிறானாம். முதல் நாள் அழுதானாம், இரண்டாம் நாள் சத்தம் போட்டானாம். கில்பர்ட் சார் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு போலீஸைக் கூப்பிட்டிருக்கிறார். அவன் என்று எழுதிவிட்டேன். அப்படியே இருக்கட்டும்.

நிஷா கனகவல்லி மேடத்தின் போனில் என்னோடு பேசினாள். சென்னைக் கம்பெனி பணத்தை நிறுத்தவில்லை, டிசம்பர் வரை தருகிறார்களாம். பிரசன்னா இன்னொன்றும் கேட்டிருக்கிறார். மீட்டிங்கில் வடிவு மேடம் சொன்னாங்களே, அதைப் படத்தோடு ஒரு பதிவாகப் போடலாமா, முகத்தை மங்கலாக்கிவிடலாம், எங்கேஜ்மென்ட் பிரமாதமாக வரும் என்று.

"நீ என்னடி சொன்ன?"

"உங்கள்ட்ட கேட்டுச் சொல்லுதேன்னேன்."

"சவத்த மூடிட்டுப் போகச் சொல்லு."

"இதே வார்த்தையிலயாக்கா?"

"இதே வார்த்தையில."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், ஆனால் கோபம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். கோர்ட்டுக்குத் தேவைப்படும்.

சாயங்காலம் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கோமு தரையில் உட்கார்ந்து பொம்மைப் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே தெருமுனையில் ஒரு பைக் திரும்பியது. அதே மாதிரி சத்தம். அவள் கை தானாக ரிமோட்டை எடுத்து டிவிக்கு நேராக நீட்டியது. நானும் பாதி எழுந்துவிட்டேன். சுபலெட்சுமியும் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள். பைக் நிற்காமல் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

கோமு எங்கள் இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்தாள். பிறகு ரிமோட்டில் பொத்தானைத் தேடி, சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.